ஒன்பதா, பத்தா

ஒன்பதுதான், ஒன்பதைத் தவிர வேறென்ன, இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பதாகத்தான் வைத்தேன் என்று பொங்கியண்ணன் நான்காவது தடவையாகத் தனக்குள் சொல்லிக்கொண்டபோது பஸ் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியேகூட வரவில்லை. டிரைவர் அர்த்தநாரிக்கு இடது கைப் பக்கம், எஞ்சினை மூடியிருக்கும் பானெட்டின் மேல், ரெக்ஸின் கிழிந்து பஞ்சு தெரிந்த மெத்தையில் அவர் உட்கார்ந்திருந்தார். சூடு பேண்ட்டைத் தாண்டித் தொடையில் ஏறிக்கொண்டிருந்தது. அதிர்வு முதுகு வழியாகப் பல்லுக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக டீசல் பம்ப் பிரித்து மாட்டுகிறவருக்கு எஞ்சின் சத்தம் காதில் விழுவதைவிடப் பல்லில்தான் முதலில் விழும். அந்தப் பல்லில் இப்போது ஏதோ நெருடியது. சாப்பிட்டபோது மாட்டிக்கொண்ட கீரை நரம்பைத் தேடி நாக்கு போய்ப் போய் நிற்குமே, அதுபோல மனசு போய்ப் போய் அந்த ஒன்பதிலேயே நின்றது. இறங்கி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்த்திருக்கலாம். முடியாது. இந்தப் பக்கத்து பஸ்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பம்ப்பில் கை வைத்த மெக்கானிக் முதல் நடைக்கு அந்த வண்டியிலேயே உட்கார்ந்து போய்த் திரும்ப வேண்டும். யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியாது. மெக்கானிக்கின் உயிரையும் வண்டியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் வேலை ஒழுங்காக நடக்கும் என்று யோசித்த ஏதோ ஒரு முதலாளியாகத்தான் இருக்க வேண்டும், அவன் நல்லா இருக்கட்டும். மணி பதினொன்று இருபது. நாமக்கல் போய்ச் சேர ஐம்பத்தைந்து நிமிஷம். அர்த்தநாரி கியரைத் தட்டிவிட்டு, இன்னிக்குப் பாருங்ணா வேடிக்கைய, என்றான். பொங்கியண்ணன் சிரித்துவைத்தார்.

வேடிக்கையாம். இந்த வேடிக்கைக்குத்தான் வையாபுரி ஒரு மாசமாகக் கடை வாசலில் வந்து நின்றார். வையாபுரி இந்த பஸ்ஸுக்கு முதலாளி. தன் அம்மா பேரைத்தான், பூவாத்தாள் என்று, முன்கண்ணாடிக்கு மேலே எழுதி வைத்திருக்கிறார். அதே ரூட்டில் ஏழு நிமிஷம் பின்னால் புறப்படும் சிவப்பு வண்டி எலச்சிபாளையம் தாண்டி வரும் மேட்டில் பூவாத்தாளைத் தாண்டிப் போய்விடுகிறது, முன்னால் போகிறவன் ஜனத்தை எல்லாம் வழித்துக்கொண்டு போகிறான், இதுதான் அவருக்குச் சோறு இறங்காத விஷயம். "மேட்டுல வண்டி நல்லா இழுத்துட்டு வரப்பவே டீசல் நின்னு போவுது பொங்கியா. பந்தியில பாதிச் சோத்துல எலைய எடுத்த மாதிரி. கவர்னர்ல கெட்டி ஸ்பிரிங் போட்டுடு." சொல்வது சுலபம். பம்ப்பின் பின்னால் ஒரு டப்பா, அதுதான் கவர்னர். உள்ளே இரண்டு குண்டுகள் சுற்றும். எஞ்சின் வேகம் ஏற ஏற அவை வெளியே விரியும். ஒவ்வொரு குண்டுக்குள்ளும் இருக்கிற ஸ்பிரிங் அதை விரியவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் தோற்கிற இடத்தில் டீசல் குறையும், எஞ்சின் அதற்கு மேல் ஓடாது. எஞ்சின் செய்தவன் அந்த இடத்தை இரண்டாயிரத்து நானூறு சுற்றில் வைத்து அனுப்பியிருந்தான், ஏதோ அவனுக்கும் கொஞ்சம் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். வையாபுரிக்கு அது இரண்டாயிரத்து எண்ணூறாக வேண்டும். "பம்ப்புல மட்டும் மாத்துனா பத்தாதுங்க. மேல ஹெட்டுல வால்வு ஸ்பிரிங்கையும் கெட்டியா மாத்தோணும். இல்லீனா அந்த வேகத்துல வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்து இடிச்சுரும்" என்று இவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அதை அடுத்த மாசம் பாத்துக்கலாம் என்றார் அவர். அடுத்த மாசம். இந்த மனுஷன் வாயில் அடுத்த மாசம் என்றால் அடுத்த பிறவி. சரி, நாமே ஒரு ஏற்பாடு செய்வோம் என்று பொங்கியண்ணன் மனசுக்குள் ஒன்று முடிவு செய்தார். ஸ்பிரிங்கை அழுத்தும் நட்டு திருப்பத் திருப்ப டிக், டிக் என்று சத்தம் போடும், அதை ஒன்பது டிக் இறுக்கினால் இரண்டாயிரத்து அறுநூறோடு நிற்கும், வால்வு தாங்கிக்கொள்ளும், முதலாளியிடம் எண்ணூறு என்று சொல்லிக்கொள்ளலாம், அவர் என்ன உள்ளே புகுந்து எண்ணியா பார்க்கப் போகிறார். ஆக ஒன்பது. ஒன்பதுக்கு மேல் ஒரு டிக் போனாலும் வம்பு. அதைவிடப் பெரிய வம்பு, ஒரு குண்டில் ஒன்பதும் இன்னொரு குண்டில் வேறொன்றுமாக இருப்பது. இரண்டும் ஒரே மாதிரி விரியாவிட்டால் கவர்னர் உள்ளுக்குள்ளேயே ஒருக்களித்து உரசும், உரசிக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் சிக்கி நின்றுவிடும். நின்றால் டீசல் குறையாது. குறையாவிட்டால் எஞ்சின் நிற்காது.

போதாக்குறைக்கு இன்றைக்குக் கரண்ட் கிடையாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கே பிடுங்கிவிட்டார்கள். பம்ப்பைக் கழற்றி ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் பெஞ்சு கடையில் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. நாளைக்குச் செய்யலாமுங்க என்றால், நாளைக்கு முகூர்த்த நாள் கூட்டம், வண்டிய நிறுத்த முடியாது என்கிறார் வையாபுரி. வண்டியிலேயே வைத்துச் செய்து கொடு என்கிறார். பெஞ்சில் ஓட்டிப் பார்த்திருந்தால் ஒரு டிக் என்ன, கால் டிக் தப்பினாலும் மீட்டர் முள் காட்டிக் கொடுத்திருக்கும். இப்போது காட்டிக் கொடுக்க எதுவும் இல்லை, இந்தப் பல்லைத் தவிர. பஸ் பைபாஸ் முனையில் ஆளேற்ற நின்றது. எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஊ என்று இறங்கியது, ஊஉ என்று ஏறியது, மறுபடி இறங்கியது. காய்ச்சல்காரன் மூச்சு மாதிரி. பொங்கியண்ணன் உள்ளங்கையை பானெட் தகரத்தில் வைத்தார். புது ஸ்பிரிங், படிய நேரமாகும், அதுதான் என்று கைக்குச் சமாதானம் சொன்னார். அப்போது ஏறிய ஒரு அம்மாள், கழுத்தில் மஞ்சள் கயிறும் தோளில் துண்டுமாக, கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவள் போல, முப்பது முட்டை அடுக்கிய அட்டையை ஏந்திக்கொண்டு நிற்க இடமில்லாமல் இவரைப் பார்த்தாள். "ஏனுங்க, செத்த நேரம் இதப் புடிச்சுக்குங்க. நான் எலச்சிபாளையம் தாண்டி மில் மேட்டுல எறங்கிக்கறேன்." மறுப்பதற்குள் அட்டை இவர் மடியில் இருந்தது. இப்போது இரண்டு கையும் முட்டையில். முப்பது முட்டையும் அட்டைக் குழிக்குள் எஞ்சினோடு சேர்ந்து ஊ, ஊஉ என்று நடுங்கின. வேண்டாம் என்று கண்ணை எடுத்தாலும் அது கையில் தெரிந்தது. மனுஷனை நிம்மதியாகப் பயப்படக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

காலையில் நடந்ததை ஒழுங்காக நினைத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தார். நினைப்பு ஒழுங்காக வந்தால்தானே. பானெட்டைத் திறந்தது, பாதி உடம்பு உள்ளே தொங்கியது, டப்பாவின் மேல் மூடியைக் கழற்றியது. ஒரு எலுமிச்சை நுழைகிற துளை. ஒரு குண்டு அந்தத் துளைக்கு நேராக வரும்வரை அர்த்தநாரி கீழே படுத்து இரும்புக் கம்பியால் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பித் திருப்பினான். போதும் என்றார். டீ சாப்ட்டு வந்தர்றேனுங்ணா என்று போனான். யாரும் இல்லை. அமைதியாக இருந்தது. பழைய ஸ்பிரிங்கை எடுத்துப் புது ஸ்பிரிங்கை இறக்கி, நட்டைப் போல்ட் முனையோடு சமமாக நிறுத்தி, அங்கிருந்து டிக், டிக் என்று ஒன்பது. அது சுத்தம். அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் அவன் வந்தான், வாயில் வடை, இன்னொரு குண்டைத் திருப்பிக் கொடுத்தான், இந்தத் தடவை போகவில்லை, பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அதுவும் ஒன்பது. அவனும்தான் சேர்ந்து எண்ணினான். ஒன்பதுங்ணா என்று அவனே சொன்னான். சாட்சி வேறு இருக்கிறது, பிறகென்ன. மூடியை மாட்டிக் கம்பி போட்டு, தன் எழுத்து பதிந்த ஈய சீலை நசுக்கிக் கைகழுவினார். பொங்கியண்ணன் சீல் என்றால் சேலம் வரைக்கும் ஒரு பேச்சு இல்லை. அவர் எண்ணினால் எண்ணினதுதான் என்று வையாபுரியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு ஒன்றுதான் இத்தனை வருஷத்தில் சேர்த்தது. பூங்கொடிக்கு மட்டும் அது பிடிக்காது. கட்டிக்கொண்டவளுக்குப் புருஷன் பெருமை எது பிடித்தது. "ஒரு தடவ, இது என்ற தப்புன்னு சொன்னா வாய் வெந்தா போயிரும்? குக்கருக்குக் காஸ்கெட் மாத்தி மாட்டிப்போட்டு, குக்கர் கம்பெனிக்காரன் மேல பழிபோட்ட ஆளுதான நீங்க" என்பாள். குக்கர் விஷயம் வேறு. அதில் உண்மையிலேயே கம்பெனிக்காரன் தப்பு பாதி இருந்தது.

கண்டக்டர் பின்னாலிருந்து தலை எண்ணிக்கொண்டு வந்தார். நின்றுகொண்டிருந்தவர்களைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று சத்தமாக. பொங்கியண்ணன் அதைக் கேட்டும் கேட்காமலும் இருந்தார். ஐந்து வந்தபோது சட்டென்று நிமிர்ந்தார். ஒண்ணு. காலையில் யாரோ ஒண்ணு என்றார்கள். அவர் வாயில் ஒண்ணு வராது. ஐம்பது வயசில் ஒரு தடவைகூட அவர் எதையும் ஒண்ணிலிருந்து எண்ணியதில்லை. அப்பா சந்தையில் வள்ளப் படியால் கடலைக்காய் அளந்தவர். முதல் வள்ளத்தைக் கொட்டும்போது ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார், அடுத்த வள்ளம் ரெண்டு, மூணு. அளக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். அப்பா விட்டுப்போனது அது ஒன்றுதான், வேறு தோட்டமா துரவா. மாத்திரை எண்ணினாலும் லாபம், ரெண்டு. சம்பளத்துக்கு வந்த பையன்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும், எண்ணிக்கை தப்பியதில்லையே. முதல் குண்டுக்கு லாபம், ரெண்டு, மூணு என்று ஒன்பது வரை. சுத்தம். இரண்டாவது குண்டுக்கு முதல் டிக்கில் லாபம் என்றார். அடுத்த டிக்கில் இவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து வடை வாயோடு அர்த்தநாரி சொன்னான். என்ன சொன்னான்? ஒண்ணு. ஒண்ணு என்றான். லாபம் என்றதை ஏதோ பிள்ளையார் சுழி என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது, பாவி, சாமி கும்பிட்டுவிட்டு இனிமேல்தான் எண்ணப் போகிறார் என்று நினைத்து அடுத்ததை ஒண்ணு என்றான். அதற்கடுத்தது ரெண்டு என்றான். இவர் வாய் அவன் வாயோடு சேர்ந்துகொண்டது. மூணு, நாலு என்று இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில். அவன் ஒன்பது என்ற இடத்தில் இவரும் ஒன்பது என்று கையை எடுத்துவிட்டார். அந்த ஒன்பது, பத்து. ஒரு பக்கம் ஒன்பது, இன்னொரு பக்கம் பத்து. மடியில் முப்பது முட்டையும் நடுங்கின. அட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இல்லை, இருக்காது. முதல் டிக்கிலேயே அவன் ஒண்ணு என்றிருக்கலாம், லாபமும் ஒண்ணும் ஒரே டிக்காக இருந்திருக்கலாம். அப்படியானால் ஒன்பதுதான். ஆனால் கை சொல்கிறதே. கையில் ஒரு டிக் அதிகமாக இருக்கிறது, கடைசி டிக் கெட்டியாக இருந்தது, இன்னும் ஒரு பிடி கேட்டது. புது ஸ்பிரிங் அல்லவா என்று அப்போது விட்டது. எல்லாவற்றுக்கும் புது ஸ்பிரிங் ஒரு சாக்கு. பஸ் எலச்சிபாளையத்தில் நின்றபோது எஞ்சின் மறுபடி ஊ, ஊஉ என்று மூச்சு வாங்கியது, இந்தத் தடவை ஏற்ற இறக்கம் முன்னைவிட அதிகம். "அர்த்தநாரி, செத்த ஆஃப் பண்ணு, என்னன்னு பாத்துக்கலாம்" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "ஏனுங்ணா? ஆஃப் பண்ணவா? கண்ணாடியப் பாருங்க, பின்னாடி சிவப்பு வந்துட்டான். நீங்களே போட்டுப்போட்டு நீங்களே பயந்துக்கறீங்களா?" அவன் சிரித்தான், கண்டக்டரும் சிரித்தார், முட்டைக்கார அம்மாளுக்கு என்னவென்று தெரியாவிட்டாலும் சிரிப்பு வந்தது. "ஐட்லிங் ஏறி எறங்குதப்பா." "அதெல்லாம் ஓடுனா சரியாப் போயிருங்ணா. வண்டி சும்மா எளவட்டமாட்டம் இழுக்குது. உங்க கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கோணும்." இனி எப்படிச் சொல்வது. எண்ணத் தெரியவில்லை என்று சொல்வதா. கடலைக்காய் அளந்தவன் மகனுக்கு ஒன்பது வரைக்கும் எண்ண வரவில்லை என்று இத்தனை பேர் நடுவில் சொல்வதா. இவன் சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டு முழுக்க நடித்துக் காட்டிவிடுவான். நாமக்கல் போய்ச் சேரட்டும், முப்பது நிமிஷம், அங்கே ஓரமாக நிறுத்தித் திறந்து சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம், மூடி கொஞ்சம் கசிகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி அதற்குள் ஏதாவது ஆனாலும் எஞ்சின் பழசு, வால்வு ஸ்பிரிங் மாத்தச் சொன்னேன், முதலாளிதான் மாத்தல, அதற்கு ஊரே சாட்சி. எஞ்சின் பழசு.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. எஞ்சின் பழசு, பம்ப்புல ஒண்ணுமில்ல. சங்ககிரி லாரி ஷெட்டில், இவர் கை பழகிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பகல் பொழுதில் இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறார். நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று தன் பாட்டுக்கு ஏற ஆரம்பித்தது. யாரும் ஆக்சிலரேட்டரை மிதிக்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. சாவியைத் திருப்பினார்கள், நிற்கவில்லை. சத்தம் சத்தமாக இல்லாமல் ஒரு கூச்சலாக மாறியது, ஷெட்டின் தகரம் எல்லாம் சேர்ந்து கத்தியது. கூட வேலை செய்த மாதேஸ்வரன் கோணிச் சாக்கை எடுத்துக்கொண்டு காற்று போகும் குழாயை அடைக்க ஓடினான். அடைத்தும் விட்டான். ஆனால் அதற்குள் எஞ்சின் பக்கவாட்டில் உடைந்து, பிஸ்டனைப் பிடித்திருக்கும் இரும்புத் தண்டு வெளியே வந்திருந்தது. மாதேஸ்வரனுக்கு வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. கவர்னர் வைத்தவர் பக்கத்தில் நின்று, எஞ்சின் பழசு, பம்ப்புல ஒண்ணுமில்ல, என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் சொன்னார், ஷெட் முதலாளியிடம் சொன்னார், மாதேஸ்வரன் அம்மாவிடம்கூடச் சொன்னார். அவர் கண்ணைப் பார்த்தால் அது தன் தப்பு என்று அவருக்கே தெரியும் என்பது தெரிந்தது. இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று பொங்கியண்ணன் அப்போது எச்சில் துப்பினார். எச்சில் துப்புவது சுலபம், இருபத்தைந்து வயசில் எல்லாம் சுலபம். அதே வார்த்தை இப்போது இவர் வாயில், ரெடியாக, யாரும் கேட்பதற்கு முன்பே.

மேடு வந்துவிட்டது. அர்த்தநாரி நாக்கைக் கடித்துக்கொண்டு மிதித்தான். பழைய ஸ்பிரிங்காக இருந்தால் எஞ்சின் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கும் இடத்தைத் தாண்டி ஏறியது, அதற்கு மேலும் ஏறியது. பஸ்ஸில் ஒரு ஆள் விசில் அடித்தான். கண்ணாடியில் சிவப்பு வண்டி சின்னதாகிக்கொண்டு போனது. இதைச் சொல்லத்தான் வேண்டும், அந்த இழுப்பில் பொங்கியண்ணனுக்கும் ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது, நம்ம கை வேலை என்று. பாழாய்ப்போன நெஞ்சு, எந்த நேரத்தில் நிமிர்வது என்று இல்லை. உச்சியில் அர்த்தநாரி காலை எடுத்தான். எடுத்த காலை இவர் கண்ணால் பார்த்தார். எஞ்சின் இறங்கவில்லை. லாபம், ரெண்டு, என்று எண்ணுகிற நேரத்துக்கு அது அங்கேயே, அந்த உயரத்திலேயே கத்திக்கொண்டு நின்றது. அப்புறம்தான் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி இறங்கியது. அர்த்தநாரி புருவத்தைத் தூக்கினான், அவ்வளவுதான், பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தான். அவனுக்குத் தெரியாது. இந்த வண்டியில் இருக்கிற அறுபது பேருக்கும் தெரியாது. அந்த இரண்டு கணம் உள்ளே என்ன நடந்தது என்று பூமியில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆள் முட்டை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அடுத்த மேட்டில் அது இறங்கும் என்று யார் சொல்வது. இறக்கத்தில், வளைவில், பால் வண்டிக்கு நேராக, இறங்காமல் நின்றுவிட்டால்? இந்த அம்மாள், அந்த விசில்காரன், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற கல்லூரிப் பெண். சொல்லிவிடு, சொல்லித் தொலை. வாய்க்குள் கொழுக்கட்டை இருந்த மாதிரி நாக்கு புரளவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வையாபுரி மேல், கரண்டுக்காரன் மேல், வடை மேல், லாபம் என்று சொல்லிக்கொடுத்த அப்பா மேல், இத்தனைக்கும் மேலாகத் தன் சொந்த நாக்கின் மேல். ஒன்பது டிக் எண்ணத் தெரிந்த வாய்க்கு இரண்டு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

மில் மேடு ஸ்டாப்பில் பஸ் நின்றது. எஞ்சின் ஊ, ஊஉ, ஊ என்று அடித்துக்கொண்டது. "குடுங்க சாமி, ஒண்ணும் ஒடையலியே" என்று அம்மாள் கையை நீட்டினாள். பொங்கியண்ணன் அட்டையை அவள் கையில் கொடுத்தார். கை காலியானது. காலியான கை, அவரைக் கேட்காமல், டாஷ்போர்டு ஓரத்தில் இருந்த கறுப்புக் குமிழுக்குப் போனது. இழுத்தால் டீசலை அடைத்து எஞ்சினை நிறுத்தும் குமிழ். இழுத்தார். எஞ்சின் இரண்டு தும்மல் தும்மிவிட்டு அடங்கியது. பஸ்ஸுக்குள் அவ்வளவு நேரமும் யாருக்கும் கேட்காத ஜன்னல் சத்தம், பிளாஸ்டிக் பை சத்தம் எல்லாம் கேட்டன. "ஏனுங்ணா!" என்று அர்த்தநாரி கத்தினான். "என்ன பண்றீங்க? சிவப்பு வர்றான்ணா!" கை ஸ்டார்ட்டருக்குப் போனது. பொங்கியண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "எடுக்காத. வண்டிய எடுக்காத அர்த்தநாரி. எண்ணிக்கையில தப்பு." சொல்லிவிட்டார். "யாரு எண்ணிக்கையில?" என்றான் அவன். அதுதான் கேள்வி. நீதான் நடுவில் ஒண்ணு என்றாய் என்று நாக்கு நுனிவரை வந்தது, வந்து நின்றது. "என்ற எண்ணிக்கையில" என்றார் பொங்கியண்ணன்.

அப்புறம் நடந்ததை எல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டேதான் பார்த்தார். சிவப்பு வண்டி ஹாரனை ராகம் போட்டு அடித்துக்கொண்டு வந்து நின்றது. கண்டக்டர் ஏதேதோ சொல்லி எல்லோரையும் அதில் ஏற்றிவிட்டார். விசில் அடித்தவன் இறங்கும்போது, வேகம்னாங்க, இதானா, என்று இவர் காதுபடச் சொல்லிவிட்டுப் போனான். அர்த்தநாரியின் செல்போன் அடித்தது. முதலாளி. அவன் பேசாமல் போனை இவரிடம் நீட்டினான். "ஏம்பா, மில் மேட்டுல வண்டிய நிறுத்திட்டீங்களாம்? சிவப்புக்காரன் போன் பண்ணிச் சிரிக்கறான். எவன் பண்ணுன வேல?" என்றார் வையாபுரி. "நாந்தானுங்க. கவர்னர்ல ஒரு பக்கம் ஒரு டிக் அதிகமா வெச்சுப்போட்டேன். என்ற தப்புங்க." திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "நீயா?" என்றார் வையாபுரி. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் இருபத்திரண்டு வருஷமும் கீழே விழுந்து உடைந்தது, முட்டை தப்பித்துக்கொண்டது. "ஆமாங்க. வால்வு ஸ்பிரிங் மாத்தற வரைக்கும் இந்த ஸ்பிரிங்க அவ்வளவு இறுக்க மாட்டேன். இப்ப ரெண்டு பக்கமும் அஞ்சு டிக்கோட நிறுத்திக் குடுக்கறேன். சிவப்பு தாண்டித்தான் போகும்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனைக் கொடுத்தார். வாய் வேகவில்லை. பூங்கொடியிடம் இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்தார், உடனே வேண்டாம் என்றும் நினைத்தார்.

பானெட்டைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடித்தது. தன் எழுத்து பதிந்த சீலைத் தானே கட்டிங் பிளேயரால் வெட்டினார். அர்த்தநாரி கீழே படுத்துக் கம்பியால் நெம்பினான், குண்டு ஒவ்வொன்றாகத் துளைக்கு வந்தது. நட்டைத் தளர்த்தியபடியே இரண்டு பேரும் காது கொடுத்தார்கள். முதல் குண்டில் ஒன்பதாவது டிக்கில் நட்டு முனைக்கு வந்து நின்றது. இரண்டாவது குண்டில் ஒன்பதாவது டிக் விழுந்தது. நட்டு இன்னும் உள்ளே இருந்தது. பொங்கியண்ணன் திருப்பினார். டிக். அப்போதுதான் சமமானது. "பத்துங்ணா" என்றான் அர்த்தநாரி மெதுவாக. பிறகு, "காலைல நீங்க மொதல்ல லாபம்னீங்க. நான் சாமிக்குன்னு நெனச்சுட்டேனுங்ணா" என்றான். இவர் ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். "போடலாமுங்ணா" என்று அவன் துளைக்கு மேல் குனிந்தான், இவரும் குனிந்தார், இரண்டு தலையும் இடித்துக்கொண்டன. பொங்கியண்ணன் நட்டில் ஸ்பேனரைப் பொருத்தினார். வாய்க்குள் வழக்கம்போல வந்ததை விழுங்கினார். ஐம்பது வயசில் முதல் தடவையாக வேறு மாதிரி எண்ணுவது என்று தீர்மானம் செய்துகொண்டு திருப்பினார். டிக் என்றது. "ஒண்ணு" என்றார் அவர். "லாபம்" என்றான் அர்த்தநாரி அதே நேரத்தில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விழுந்தது ஒரே டிக்தான், இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த டிக்குக்கு இரண்டு பேரும் சேர்ந்து ரெண்டு என்றார்கள்.